சிறுநீரகக் கட்டியை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

இடுப்பின் ஒரு பக்கம் விட்டுவிட்டு வலிக்கிறது, கல்லாகத்தான் இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கப் போகிறோம். கல் இல்லை, ஆனால் இடது சிறுநீரகத்தில் 2.6 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதாக அறிக்கை வருகிறது. சிறுநீரகப் புற்றுநோய் இக்காலத்தில் பெரும்பாலும் இப்படி, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படுகிறது. பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் என் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அன்று மாலையே வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “பெங்களூர்ல ஐஸ் வெச்சே கட்டியக் கரைக்கிறாங்களாம், கத்தியே வேணாமாம்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதியைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதம் மற்றவர்களுக்கு மிச்சமாகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் போகுமுன் படித்துக்கொள்ள வேண்டிய குறிப்பு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மருத்துவமனையைத் தேடுவது தலைகீழான வேலை. கட்டியின் அளவு, அது சிறுநீரகத்தில் இருக்கும் இடம், நோயாளியின் வயது, அவருக்குள்ள மற்ற நோய்கள் ஆகியவைதான் எந்தச் சிகிச்சை என்பதைத் தீர்மானிக்கின்றன.

உறைய வைப்பது என்றால் என்ன

தக்காளி விலை சரிந்த காலத்தில் கூடையோடு கொட்ட மனமில்லாமல் நாலைந்து பழங்களை ஃப்ரீசரில் போட்டு வைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உறைந்திருக்கும்போது பழம் கல் போலிருக்கும். வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்தால் தோல் சுருங்கித் தனியாகக் கழன்று, சாறு தட்டில் ஓடத் தொடங்கும். உள்ளே இருந்த நீர் பனிப்படிகமாக மாறியபோது செல்கள் கிழிந்துவிட்டன. உருகிய பிறகு பழத்துக்குப் பழைய உருவம் திரும்புவதில்லை. கட்டியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. முதலில் செல்களுக்கு வெளியே உள்ள நீர் உறைந்து, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கிறது. குளிர் இன்னும் கூடும்போது செல்லுக்குள்ளேயே படிகங்கள் உண்டாகி அதன் சவ்வைக் கிழிக்கின்றன. தக்காளியில் நடக்காத ஒன்றும் இங்கே உண்டு. கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து, உருகும் நேரத்தில் அவற்றுக்குள் இரத்தக்கட்டு உண்டாகி அடைத்துக்கொள்வதால், குளிரில் தப்பிய செல்களும் அடுத்த சில நாட்களில் இரத்தமின்றி மடிகின்றன.

குளிரை உள்ளே கொண்டுபோவது ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி. ஒசூர்ப் பட்டறைகளில் வெல்டிங்குக்குப் பயன்படும் அதே ஆர்கான் வாயுதான், உயர் அழுத்தத்தில் அந்த ஊசிக்குள் அனுப்பப்படுகிறது. ஊசி முனைக்கருகே ஒரு நுண்துளை வழியாக வாயு சட்டென்று விரியும்போது, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 140 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. வாயு ஊசிக்குள்ளேயே சுற்றித் திரும்பி வெளியேறிவிடும், உடலுக்குள் போவதில்லை. உருக வைப்பதற்குப் பல கருவிகளில் ஹீலியம் பயன்படுகிறது, ஏனென்றால் அதே துளையில் விரியும்போது ஹீலியம் குளிராமல் சூடாகும். இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

ஊசி முனையைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு பனிக்கட்டி வளரும். அதன் வெளி விளிம்பில் வெப்பநிலை வெறும் பூச்சியம்தான்; அங்கே செல்கள் சாகாது. புற்றுநோய்ச் செல்கள் உறுதியாகச் சாக வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 20 முதல் 40 டிகிரி வரை தேவை. அந்தக் குளிர் பனிக்கட்டியின் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். ஆகவே கட்டியின் எல்லையைத் தாண்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை பனிக்கட்டியை வளர விடுகிறார்கள். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் ஸ்கேன் அறிக்கை படிக்கும்போது தேவைப்படும்.

குளிரால் புற்றைத் தாக்கும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்நாட் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே உப்பும் பனியும் கலந்த கலவையை வெளியே தெரியும் புற்றுக்கட்டிகள் மீது பயன்படுத்தியிருக்கிறார். 1960களில் திரவ நைட்ரஜன் கொண்டு, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியை உறைய வைத்தார்கள். ஆனால் பனி எதுவரை போகிறது என்று பார்க்க வழியில்லாததால் அக்கம்பக்கத்து உறுப்புகள் கெட்டன, முறையும் கைவிடப்பட்டது. 1990களில் அல்ட்ராசவுண்ட் மூலம் பனிக்கட்டி வளர்வதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்த பிறகே அது மறுபடி உயிர்பெற்றது.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இது சிறிய கட்டிக்கான சிகிச்சை. 3 செ.மீ.க்கு உட்பட்டிருந்தால் நல்ல பலன், 4 செ.மீ.யைத் தாண்டினால் பொதுவாகத் தயங்குவார்கள். கட்டி சிறுநீரகத்தின் வெளிப்புறத்தில், குறிப்பாக முதுகுப் பக்கம் இருந்தால் ஊசிக்கு வழி எளிது. நடுவில், பெரிய இரத்தக் குழாய்களுக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் அருகில் இருந்தால் ஆபத்தும் அதிகம். ஓடும் இரத்தம் சூட்டைக் கொண்டுவந்துகொண்டே இருப்பதால் குளிரும் முழுமையாகப் பிடிக்காது. வயதானவர்கள், இதயநோய் உள்ளவர்கள், ஒரே சிறுநீரகம் மட்டும் உள்ளவர்கள், இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் வரும் பரம்பரைக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கே மருத்துவர்கள் இதை முதலில் நினைக்கிறார்கள். ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரருக்குக் கட்டியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் முதல் பரிந்துரையாக இருக்கும். காரணம், உறைய வைத்த இடத்தில் கட்டி திரும்பும் வாய்ப்பு வெட்டியெடுத்த இடத்தைவிடச் சற்று அதிகம். அப்படித் திரும்பினாலும் பலருக்கு இன்னொரு முறை உறைய வைக்க முடிகிறது.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இது வழக்கமான சிகிச்சை இல்லை. அதற்குச் சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவி செலுத்திச் சுரண்டியெடுப்பதே முதல் படி. விரைப் புற்றுக்கும் இது பயன்படுவதில்லை. புராஸ்டேட்டுக்கு உண்டு, ஆனால் அது வேறு கதை; பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதல் வேலை: காகிதங்களும் குறுந்தகடும்

அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்ததும் அடுத்து மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும்.

நாங்கள் தவறியது அடுத்த இடத்தில். ஸ்கேன் மையத்தில் ஃபிலிமும் தட்டச்சு அறிக்கையும் கொடுத்தார்கள். நாங்களும் பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டோம். உறைவுச் சிகிச்சை செய்யும் மருத்துவர் ஃபிலிமை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகடு எங்கே என்று கேட்டார். ஊசியை எந்தக் கோணத்தில் செலுத்துவது, குடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அவர் கணினியில் படம் படமாக நகர்த்திப் பார்த்தால்தான் சொல்ல முடியும். மையத்துக்கு ஃபோன் செய்தால், இரண்டு மாதத்துப் படங்கள் அழிந்துவிட்டன என்றார்கள். மீண்டும் ஒரு ஸ்கேன், மீண்டும் பணம். எனவே ஸ்கேன் எடுத்த அன்றே குறுந்தகடு கேட்டு வாங்குங்கள், வாங்கியதும் வேறொரு கணினியில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் சிறுநீர் தொடர்பான எந்தத் தொந்தரவுக்கும் தண்ணீரைக் குறை சொல்லும் பழக்கம் உண்டு. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைத் தலைமுறைகளாகக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டவர்கள் நாம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால் அதைத் தண்ணீரின் மேலோ உடல் சூட்டின் மேலோ போட்டுவிட்டு வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். புகைபிடிப்பவர் என்றால் இன்னும் சீக்கிரமாக.

இரண்டாவது: பயாப்சி

4 செ.மீ.க்குக் குறைந்த சிறுநீரகக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றே இல்லாத சாதாரணக் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டி கையில் கிடைப்பதால் பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம். உறைய வைத்தாலோ கட்டி உள்ளேயே தங்கி மடிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே, அல்லது அதே அமர்வில் உறைய வைப்பதற்குச் சற்று முன், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். “ஊசி குத்தினால் பரவிவிடும்” என்ற அச்சம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அத்தை ஒரு வாரம் ஒத்துக்கொள்ளவே இல்லை. சிறுநீரகக் கட்டியில் அப்படி நேர்வது மிக மிக அரிது. பயாப்சி எடுக்காமலே நாளை வாருங்கள், உறைய வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது: கேட்க வேண்டிய கேள்விகள்

முதலில் யூராலஜி, அதாவது சிறுநீரகப் பாதை நோய்களுக்கான மருத்துவரைப் பாருங்கள். ஊசியைச் செலுத்துபவர் பெரும்பாலும், ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசி வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவராக இருப்பார். இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் இடமாக இருந்தால் நல்லது. எதுவும் செய்யாமல் கண்காணித்தால் என்ன ஆகும் என்பதே என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பலருக்கு அதைக் கேட்கவே தோன்றாது. சிறிய கட்டிகள் பல ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. எண்பது வயதுப் பெரியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமானதாக இருக்கலாம். அடுத்து, எனக்கு அறுவை சிகிச்சை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேளுங்கள். மைக்ரோவேவ், ரேடியோ அலை ஆகிய சூட்டு முறைகள் கிடைக்குமா என்பதையும் கேட்கலாம். சிறிய கட்டிகளுக்கு அவையும் ஏற்கப்பட்ட முறைகள். நம் நாட்டில் உறைவுக் கருவியைவிட அவை பரவலாகக் கிடைக்கின்றன. இந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நான்காவது: மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது

உறைவுக் கருவியுள்ள மருத்துவமனைகள் குறைவு, அவையும் பெருநகரங்களில்தான். தருமபுரிக்காரர்கள் சுமார் 65 கி.மீ. தூரத்திலுள்ள சேலத்தையும், கிருஷ்ணகிரிக்காரர்கள் சுமார் 90 கி.மீ. தூரத்திலுள்ள பெங்களூரையும் முதலில் நினைப்பது இயல்பு. வேலூரும் சென்னையும் அதற்கடுத்து. பேருந்து ஏறுமுன் ஃபோனில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கிரையோஅப்லேஷன் (உறைவுச் சிகிச்சை) கருவி உங்களிடமே இருக்கிறதா, அல்லது தேவைப்படும்போது வெளியிலிருந்து வரவழைக்கிறீர்களா? ஊசிகளின் விலை பேக்கேஜில் அடங்குமா, தனியா? ஊசிகள் ஒருமுறை பயன்படுத்தி எறிபவை. கட்டியின் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று தேவைப்படும் என்பதால் செலவு பெரிதும் அவற்றில்தான் ஏறுகிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் எல்லா மருத்துவமனையும் எல்லாச் சிகிச்சைக்கும் அதில் சேராது. உங்கள் சிகிச்சை அந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் வருமா என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டு, முன் அனுமதி வந்த பிறகே படுக்கையில் சேருங்கள். கர்நாடகத்துக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

தூரத்தைப் பற்றி என் கருத்து வேறு. ஒருநாள் சிகிச்சைக்கு எவ்வளவு தூரமும் போய்விடலாம். ஐந்தாண்டுகளுக்குத் தொடர்ந்து ஸ்கேனுக்குப் போய்வர முடியுமா என்பதையே கணக்கில் எடுங்கள். சித்தப்பாவுக்கு நாங்கள் விசாரித்ததில் மிகப் பெயர்பெற்ற இடத்தை விட்டுவிட்டு, காலையில் பஸ் ஏறினால் இரவு வீடு திரும்பக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுத்தோம்.

ஐந்தாவது: ஆயத்தமும் அந்த நாளும்

இரத்தம் உறையும் தன்மை, பிளேட்லெட் எண்ணிக்கை, சிறுநீரில் கிருமித்தொற்று ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற, இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. சித்தப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருந்ததால், இதய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே குளோபிடோகிரல் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் பாட்டிலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முந்தைய இரவு உணவோடு சரி. ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் மேல் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, மயக்க மருந்தோ அரைமயக்கமோ கொடுத்து, தோலில் கடுகளவு கீறி ஊசிகளைச் செலுத்துகிறார்கள். குடல் கட்டியை ஒட்டியிருந்தால் இடையில் திரவத்தைச் செலுத்தி அதை விலக்கி வைப்பார்கள். பிறகு பத்து நிமிடம் உறைய வைத்து, எட்டு நிமிடம் அளவுக்கு உருக விட்டு, மறுபடி பத்து நிமிடம் உறைய வைப்பது வழக்கமான முறை. இரண்டாவது சுற்று எதற்கு என்று கேட்டேன். ஒருமுறை உறைந்து உருகிய சதையில் குளிர் வேகமாகவும் ஆழமாகவும் பரவும் என்றார் மருத்துவர். பின்னர் அவர் காட்டிய படத்தில் சாம்பல் நிறச் சிறுநீரகத்தின் ஓரத்தில், வாத்து முட்டை போல ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் மூன்று வெள்ளைக் கோடுகள். அந்தக் கறுப்புதான் பனி. எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில நாட்களுக்கு முதுகில் வலி, விலாப்பக்கம் மரத்துப்போன உணர்வு, ஓரிரு நாள் சிறுநீரில் லேசான சிவப்பு ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. கனமான பொருள் தூக்குவதை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிவையுங்கள். தக்காளிப் பெட்டி தூக்காமல் இரண்டு வாரம் சித்தப்பாவை உட்கார வைப்பதுதான் எங்களுக்குச் சிகிச்சையைவிடக் கடினமாக இருந்தது. இந்தச் சிகிச்சையில் முக்கியமான ஆபத்து இரத்தக்கசிவு. சிறுநீரில் கட்டிகட்டியாக இரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் 108ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெளியேறும்போது தந்த அறிக்கை கையில் இருக்கட்டும். பணியில் இருக்கும் மருத்துவருக்கு இந்தச் சிகிச்சை பழக்கமில்லாமல் இருக்கலாம்.

புராஸ்டேட் நோயாளிகளுக்கு

இங்கே ஊசிகள் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகச் செல்கின்றன. வழிகாட்டுவது ஆசனவாய் வழியாக வைக்கும் அல்ட்ராசவுண்ட். சிறுநீர் செல்லும் வழி உறைந்துவிடாமலிருக்க, அதற்குள் ஒரு குழாய் செருகி வெதுவெதுப்பான திரவத்தைச் சுற்றவிடுகிறார்கள். சுரப்பிக்குள் அடங்கிய புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும்தான் முதன்மைச் சிகிச்சைகள். அவை பொருந்தாதவர்களுக்கும், கதிர்வீச்சுக்குப் பின் அதே இடத்தில் நோய் திரும்பியவர்களுக்குமே உறைவு முறை பெரும்பாலும் பேசப்படுகிறது. முழுச் சுரப்பியையும் உறைய வைத்தால் ஆண்மைக்குறைவு ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். இதை மருத்துவர் மனைவியின் முன்னிலையில் சொல்லத் தயங்கலாம், நோயாளி கேட்கத் தயங்கலாம். கையெழுத்துப் போடுமுன் இருவரும் கேட்டே ஆக வேண்டிய செய்தி இது. சிறுநீர் கசிவது, அடைத்துக்கொள்வது, அரிதாகச் சிறுநீர்ப்பாதைக்கும் மலக்குடலுக்கும் இடையே துளை விழுவது ஆகியவையும் உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம் சிறுநீர் வடியச் செருகிய குழாயோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். பிறகு, புராஸ்டேட் புற்று திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்ய வேண்டும்.

கடைசியாக: ஸ்கேன் அறிக்கையைப் படிப்பது

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முதல் ஸ்கேன். அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கொன்றாக ஐந்தாண்டு. எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில், 2.6 செ.மீ. இருந்த இடத்தில் 3.8 செ.மீ. என்று எழுதியிருந்தது. சித்தப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் சேர்த்து உறைய வைத்ததால், செத்த பகுதி முதலில் பழைய கட்டியைவிடப் பெரிதாகத்தான் தெரியும். மாதங்கள் போகப்போகச் சுருங்கித் தழும்பாகும். அறிக்கையில் பார்க்க வேண்டியது மருந்து செலுத்திய பின் அந்த இடம் மறுபடி ஒளிர்கிறதா என்பதை. ஒளிர்ந்தால் அங்கே இரத்த ஓட்டம், அதாவது உயிருள்ள கட்டி, மிச்சம் இருக்கலாம். ஒளிராவிட்டால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கிரியேட்டினின் போன்ற இரத்தப் பரிசோதனைகளை உள்ளூரில் செய்துகொள்ளலாம். ஸ்கேனை மட்டும் சிகிச்சை செய்த இடத்திலேயே எடுங்கள், அல்லது வெளியில் எடுத்த ஸ்கேனின் குறுந்தகட்டைப் பழைய குறுந்தகடுகளோடு சேர்த்து அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தப்பா தன் நான்கு குறுந்தகடுகளையும் தேதி எழுதி, விதைப் பொட்டலங்கள் வைக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஐந்தாவது ஸ்கேன் வரும் வைகாசியில்.